வே தண்ணீரில் புரோபயாட்டிக் வளர்த்து உலர்த்துகிறீர்களா? அறிகுறி பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பத்து லிட்டர் பாலில் பனீர் போட்டால் எட்டு லிட்டர் அளவுக்கு வே தண்ணீர் வடியும். சாக்கடையில் விட முடியாது, அதன் கரிமச் சுமை வீட்டுக் கழிவுநீரைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அதில் நான்கரை முதல் ஐந்து சதவீதம் வரை லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, இருக்கிறது. இதிலேயே புரோபயாட்டிக் எனப்படும், உடலுக்கு நல்லது செய்யும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவை வளர்த்து, உலர்த்தி, கோழித் தீவனத்துக்கோ மனித உணவுக்கோ பொடியாக விற்கலாமே என்று யோசிக்கிற சிறு பால் பதப்படுத்துவோரும் பால்வள மாணவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். யோசனை நல்லதுதான். செய்ய இறங்கினால் பத்து இடத்தில் சிக்கும்.

பெரும்பாலானவர்கள் பொடியில் உயிருள்ள செல்களின் எண்ணிக்கை குறைந்ததும் நேரே டிரையரைத்தான் திட்டுகிறார்கள். வெப்பத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், நாசிலை மாற்றுவார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் தப்பு டிரையருக்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். அதனால் எதைத் தொடுவதற்கு முன்னாலும் நான்கு இடத்தில் எண்ணிக்கை எடுங்கள்: உறை ஊற்றிய உடனே, புளித்து முடிந்ததும், உலர்த்தப் போகிற கலவையில், வெளியே வந்த பொடியில். எந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எல்லாமே எம்.ஆர்.எஸ். அகரில் (லாக்டோபேசில்லஸ் வளர்க்கும் ஊடகம்), 37 டிகிரியில், காற்றில்லா ஜாரில், 48 முதல் 72 மணி நேரம்.

பொடியின் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. உலர்த்தும் கலவையில் 20 சதவீதம் திடப்பொருள், மி.லி.க்கு 100 கோடி செல்கள் என்று வைத்துக்கொள்வோம். பொடியில் திடப்பொருள் 96 சதவீதம். ஒரு செல்கூடச் சாகாமல் இருந்தால் கிராமுக்கு 480 கோடி வர வேண்டும். பொடியில் 50 கோடி இருந்தால் ‘பாதிதான் செத்தது’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் பிழைத்தது பத்தில் ஒரு பங்கு. எப்போதும் உலர்ந்த எடைக்குக் கணக்குப் போடுங்கள்.

12 மணி நேரம் ஆகியும் பிஎச் அசையவில்லை

முதலில் வே தண்ணீரின் தொடக்க பிஎச் பாருங்கள். சிட்ரிக் அமிலம் போட்டுத் திரித்த பனீர் தண்ணீர் 5-ஐ ஒட்டித்தான் இருக்கும், அமிலம் தாராளமாகப் போட்டிருந்தால் அதற்கும் கீழே. 6.3 முதல் 6.5 வரை ஏற்றிவிட்டு உறை ஊற்றுங்கள். அதற்கும் வளரவில்லை என்றால் நான்கு குழாய்களில் ஒரே உறையை, இரண்டு சதவீதம் வீதம், ஊற்றி வையுங்கள்.

அ. எம்.ஆர்.எஸ். திரவம் மட்டும்.
ஆ. வே மட்டும்.
இ. வேயில் இரண்டு சதவீதம் குளுக்கோஸ் சேர்த்தது.
ஈ. இரட்டைச் செறிவில் கரைத்த எம்.ஆர்.எஸ்., வே இரண்டும் பாதிக்குப் பாதி.

‘அ’ குழாயிலேயே வளரவில்லை என்றால் உறை செத்திருக்கிறது. வேயைக் குறை சொல்லாமல் புது உறை எடுங்கள். ஃப்ரீசரிலிருந்தோ ஆம்பூலிலிருந்தோ எடுத்த கல்ச்சரை நேரடியாகப் பெரிய பாத்திரத்தில் ஊற்றக் கூடாது, எம்.ஆர்.எஸ்.ஸில் இரண்டு முறையாவது 16-18 மணி நேரம் வளர்த்துத் துடிப்பாக்கிவிட்டு ஊற்ற வேண்டும். கடைசி முறையை வே கலந்த ஊடகத்திலேயே வளர்த்தால் பெரிய பாத்திரத்தில் தயக்கம் குறையும்.

‘அ’ நன்றாக வளர்ந்து, ‘ஆ’ சும்மா இருந்து, ‘இ’ வளர்ந்தால் விஷயம் வேறு: உங்கள் இனம் லாக்டோஸ் சாப்பிடாத இனம். ‘பால் பாக்டீரியா லாக்டோஸ் சாப்பிடாதா’ என்று கேட்பீர்கள். உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட புரோபயாட்டிக்குகளில் ஒன்றான லாக்டோபேசில்லஸ் ரேம்னோசஸ் ஜி.ஜி. அப்படித்தான். கோர்பாக், கோல்டின் இருவரும் 1980-களில் மனிதக் குடலிலிருந்து பிரித்தெடுத்தது அது. லாக்டோஸை உடைக்கும் மரபணுக்கள் அதில் பழுதாகி இருக்கின்றன. குளுக்கோஸ் கொடுத்தால் பாய்ந்து வளரும், வே கொடுத்தால் சும்மா கிடக்கும். இதற்கு லாக்டேஸ் நொதி போட்டு வேயின் லாக்டோஸை குளுக்கோஸ், காலக்டோஸ் என்று உடைத்துக் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சர்க்கரைகள் பின்னால் டிரையரில் உங்களைப் படுத்தி எடுக்கும், அதைக் கீழே சொல்கிறேன். கல்ச்சர் வாங்கும் முன்பே சண்டிகரின் எம்.டி.சி.சி., கர்னாலின் என்.சி.டி.சி. போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களின் குறிப்பில் லாக்டோஸ் நொதிப்பு உண்டா என்று பார்த்துவிடுவது மலிவான வழி. (2020-இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். ரேம்னோசஸ், கேசி எல்லாம் இப்போது லாக்டிகேசிபேசில்லஸ். பட்டியலில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டிலும் தேடுங்கள்.)

‘ஈ’யும் வளரவில்லை என்றால் வேயில் ஏதோ தடுக்கிறது. இரண்டு சந்தேகம்: மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக், அல்லது தொட்டி கழுவிய கிருமிநாசினியின் மிச்சம். பனீருக்காகப் பாலை 90 டிகிரிக்குக் காய்ச்சியதால் பெனிசிலின் அழிந்திருக்கும் என்று நம்பாதீர்கள், பெரும்பகுதி அப்படியே இருக்கும். பால் சேகரிப்பு நிலையத்தில் பயன்படுத்தும் ஆன்டிபயாட்டிக் ஸ்டிரிப்பை வரும் பாலிலேயே போட்டுப் பாருங்கள். பெனிசிலினேஸ் நொதி கையில் இருந்தால் வேயில் கொஞ்சம் போட்டு மறுபடி வளர்த்துப் பார்க்கலாம். வளர்ந்தால் குற்றவாளி பெனிசிலின் வகைதான். இதைச் சரிசெய்யும் இடம் மாட்டுக் கொட்டகை. அந்த வேயை உணவுப் பொருளாக்க நினைக்காதீர்கள்.

‘ஆ’, ‘இ’ இரண்டும் சோம்பி, ‘ஈ’ மட்டும் நன்றாக இருந்தால் வேயில் சத்துப் போதவில்லை. அடுத்த பகுதி அதைப் பற்றித்தான்.

புளிக்கிறது, ஆனால் எண்ணிக்கை மி.லி.க்கு 10 கோடியைத் தாண்ட மாட்டேன் என்கிறது

இதுதான் நடைமுறையில் அதிகம் வரும் குறை. இதற்குப் பெரும்பாலும் தரப்படும் வைத்தியம் ‘இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடு’ என்பது. அது வீண். பிஎச்சைப் பிடித்து வைக்காமல் வளர்த்தால் லாக்டோபேசில்லஸ் பிஎச் 4-ஐ நெருங்கும்போது தானாக நின்றுவிடும். அந்த நேரத்தில் லிட்டருக்கு 45-50 கிராம் லாக்டோஸில் பெரும்பகுதி தொடப்படாமலே கிடக்கும். குறைவது நைட்ரஜனும் மாங்கனீசும், கூடுவது அமிலம்.

நைட்ரஜன் விஷயத்தில் பனீர் வேயும் சீஸ் வேயும் ஒன்றல்ல. சீஸுக்கு ரென்னெட் நொதி போட்டு உறையவைக்கும்போது வே புரதம் தண்ணீரோடு வந்துவிடும். பனீருக்கோ பாலை நன்றாகக் காய்ச்சிய பிறகு திரிக்கிறோம். காய்ச்சும்போதே வே புரதம் சிதைந்து கேசினோடு ஒட்டிக்கொண்டு பனீருக்குள் போய்விடுகிறது. பனீர்க்காரருக்கு அது லாபம். உங்களுக்கு வருவது சர்க்கரைத் தண்ணீர். லாக்டோபேசில்லஸ் பல அமினோ அமிலங்களையும் பி வைட்டமின்களையும் தானே செய்துகொள்ளத் தெரியாத ஜீவன், யாராவது கொடுத்தால்தான் உண்டு. வெளிநாட்டுக் கட்டுரைகளில் சீஸ் வேயில் கிடைத்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு பனீர் வேயில் அதை எதிர்பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் லிட்டருக்கு 5 கிராம் போட்டுப் பாருங்கள். ஏறினால் நைட்ரஜன்தான் பிரச்சினை. செலவு இடித்தால் 2 அல்லது 3 கிராமுக்கு இறங்கிப் பாருங்கள், பல இனங்களுக்கு அது போதும். சீஸ் வே என்றால் புரதத்தை நொதி போட்டு உடைத்துவிட்டாலே பாதி தேவை தீரும். பனீர் வேயில் உடைக்கப் பெரிதாகப் புரதம் இல்லை, பப்பெயின் நொதி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

மாங்கனீசைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எம்.ஆர்.எஸ். ஊடகத்தை டி மான், ரோகோசா, ஷார்ப் மூவரும் 1960-இல் வடிவமைத்தபோது அதில் லிட்டருக்கு 50 மி.கி. வரையில் மாங்கனீஸ் சல்பேட் வைத்தார்கள். பாலில் மாங்கனீசு மிகக் குறைவு. பிளாண்டாரம், கேசி போன்றவை செல்லுக்குள் மாங்கனீசைச் சேர்த்து வைத்துத்தான் ஆக்சிஜன் தாக்குதலைச் சமாளிக்கின்றன. லிட்டருக்கு 50 மி.கி. என்றால் விலை சில்லறைக் காசு. தனியாகக் கரைத்து, தனியாகக் கிருமி நீக்கி, கடைசியில் சேர்த்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து படியாது. அசிடோபிலஸ் வளர்க்கிறவர்கள் எம்.ஆர்.எஸ்.ஸில் உள்ளபடி லிட்டருக்கு ஒரு மி.லி. டுவீன் 80 என்ற குழம்பாக்கியையும் சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்தது அமிலம். ஃபெர்மென்டரில் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டவிட்டு பிஎச்சை 5.5-6.0-க்குள் பிடித்து வைத்தால் எண்ணிக்கை பத்து மடங்கு கூட ஏறலாம். பம்பும் கன்ட்ரோலரும் இல்லாதவர்கள் கண்ணாடிக் குடுவையில் ஒன்று இரண்டு சதவீதம் கால்சியம் கார்பனேட் போட்டு வளர்ப்பது உண்டு. சோதனைக்கு அது சரி. உற்பத்திக்கு வேண்டாம், கரையாத சுண்ணாம்பு செல்களோடு சேர்ந்து அடியில் படிந்து பிரிக்கவே வராது. அப்புறம், காரத்தை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். ஊற்றும் இடத்தில் பிஎச் தாறுமாறாக ஏறி அங்கிருக்கும் செல் சாகும், கால்சியம் பாஸ்பேட்டும் படியும். கிளறிக்கொண்டே மெல்ல விடுங்கள்.

அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து எடுத்தால் வே பழுப்பாக, திரிதிரியாக இருக்கிறது

பிஎச்சை 6.5-க்கு ஏற்றிவிட்டு 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் அப்படித்தான் ஆகும். லாக்டோஸும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகின்றன. ஏற்கெனவே குறைவாக இருக்கும் நைட்ரஜனில் இன்னும் கொஞ்சம் போச்சு. திரிதிரியாகத் தெரிவது மிச்சப் புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும்.

வரிசையை மாற்றினால் போதும். வேயை மெல்லிய துணியில் வடிகட்டி பனீர்த் துகளை எடுத்துவிடுங்கள், கிரீம் செப்பரேட்டர் இருந்தால் கொழுப்பையும். அதன் இயல்பான அமில பிஎச்சிலேயே 90 டிகிரிக்குக் காய்ச்சி, தெளியவிட்டு, மறுபடி வடிகட்டுங்கள். அதே அமில பிஎச்சில் கிருமி நீக்குங்கள், 110-115 டிகிரியில் 10 நிமிடம். ஆறிய பிறகு, தனியாகக் கிருமி நீக்கிய காரத்தைச் சுத்தமாகச் சேர்த்து பிஎச்சை ஏற்றுங்கள். அமிலத்தில் பழுப்பாவது மிகவும் குறையும். லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம், அது பாஸ்பேட்.

இந்தக் கலங்கல் இருக்கும்வரை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரின் கலங்கல் அளவை நம்பி ‘நன்றாக வளர்ந்திருக்கிறது’ என்று சொல்லக் கூடாது. தட்டில் எண்ணிப் பாருங்கள்.

வாயு வருகிறது, வாடை மாறுகிறது, மேலே ஏடு படிகிறது

வாயு வந்தாலே கலப்படம் என்று இல்லை. ரியூட்டரி, ஃபெர்மென்டம் போன்ற இனங்கள் இயல்பாகவே கார்பன் டை ஆக்சைடு விடும். கேசி, அசிடோபிலஸ் வளர்க்கும்போது குமிழி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கள் வாடை என்றால் ஈஸ்ட், அதுவும் லாக்டோஸைப் புளிக்கவைக்கும் குளூவெரோமைசிஸ் பால்கூடங்களில் சகஜம். மேலே சுருக்கம் விழுந்த ஏடு என்றால் பெரும்பாலும் பேசில்லஸ், காய்ச்சியும் சாகாத அதன் வித்துகள் முளைத்துவிட்டன.

மலிவான சோதனை: தட்டில் வளர்ந்த ஒரு புள்ளியை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். லாக்டோபேசில்லஸ் சும்மா இருக்கும். பேசில்லஸும் ஈஸ்ட்டும் நுரைக்கும். நுரைத்தால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிட வேண்டியதுதான், உலர்த்தினால் சரியாகிவிடும் என்ற கணக்கு தப்பு. டிரையர் லாக்டோபேசில்லஸைக் கொல்லும், வித்தைக் கொல்லாது. கலப்படம் பொடியில் இன்னும் பெரிய பங்காகத்தான் தெரியும்.

போன வாரம் வரை ஓடியது, இப்போது பாதியில் நின்றுவிடுகிறது

இது ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ். கல்ச்சர் போட்டுச் செய்யும் சீஸ், யோகர்ட் கூடங்களின் வேயில் இது அதிகம். பனீர் கூடத்தில் அரிது, ஆனால் அதே கட்டடத்தில் நீங்கள் ஒரே இனத்தைத் திரும்பத் திரும்ப வளர்த்தால் அங்கேயும் குடியேறும். ஜப்பானில் 1960-களிலேயே கேசி புளிப்புப் பானத் தயாரிப்பில் ஜே-1 என்ற ஃபேஜைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், பழைய எதிரிதான்.

ஆன்டிபயாட்டிக்குக்கும் ஃபேஜுக்கும் வித்தியாசம் நடத்தையில் தெரியும். ஆன்டிபயாட்டிக் இருந்தால் தொடக்கத்திலிருந்தே மந்தம். ஃபேஜ் என்றால் முதல் சில மணி நேரம் பிஎச் ஒழுங்காக இறங்கும், பிறகு சட்டென்று நிற்கும், கலங்கல்கூடத் தெளியும். உறுதி செய்ய, நின்றுபோன திரவத்தை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் புதுக் கல்ச்சரில் சேருங்கள். அது வளர்ந்து நின்றால், அதை வடித்து அடுத்ததில் மறுபடி ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆன்டிபயாட்டிக் என்றால் நீர்த்து வலுவிழந்துவிடும். ஃபேஜ் என்றால் ஒவ்வொரு முறையும் பெருகி அதே வேலையைக் காட்டும்.

பாஸ்சுரைஸ் செய்யும் வெப்பம் பல ஃபேஜ்களுக்குப் போதாது. வேயை 90 டிகிரியில் 20-30 நிமிடம் வைப்பது, குளோரின் போட்டு எல்லாவற்றையும் கழுவுவது, வேறு இனத்தை மாற்றி மாற்றிப் போடுவது எல்லாம் சேர்ந்தால்தான் பலன். பச்சை வே வரும் அறையிலேயே உறை வளர்க்காதீர்கள்.

சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் நிறையப் படிகிறது, எண்ணினால் செல் இல்லை

படிந்தது புரதமும் பாஸ்பேட்டும். மேலே சொன்ன மாதிரி தெளியவைத்தால் தீரும். செல் சரியாகவே படியாமல் மேலே கலங்கலாக நின்றால் வேகத்தையும் நேரத்தையும் கூட்டுங்கள், படிவைக் குளிராக வையுங்கள். சில இனங்கள் பிசுபிசுப்பான பாலிசாக்கரைடு விடும், அவற்றைப் பிரிப்பது எப்போதும் கஷ்டம்தான்.

எப்போது அறுவடை செய்வது என்பது இதைவிட முக்கியம். செல்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் மென்மையாக இருக்கும், டிரையரில் வதங்கிவிடும். பெருக்கம் நின்று ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது. பட்டினி, அமிலம் இரண்டையும் தொட்டுப் பார்த்த செல் வெப்பத்தையும் தாங்கும். ஆனால் இரவு முழுக்க அமிலத்திலேயே விட்டுக் காலையில் எடுக்காதீர்கள், அது வேறு கதை.

பொடி டிரையர் சுவரில் ஒட்டுகிறது

புளித்த வேயை அப்படியே ஸ்ப்ரே டிரையரில் (சூடான காற்றில் துளியாகத் தெளித்து உலர்த்தும் கருவி) விட்டால் சுவர் முழுக்கப் பிசின் பிடிக்கும். காரணம், உலர்ந்த சர்க்கரை கண்ணாடி போலக் கெட்டியாக நிற்கும் ‘கண்ணாடி நிலை’ ஒரு வெப்பத்துக்கு மேல் இளகிவிடுவது. உலர்ந்த லாக்டோஸ் 100 டிகிரி வரை கெட்டியாக நிற்கும். குளுக்கோஸ், காலக்டோஸ் 30 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். லாக்டிக் அமிலமோ அறை வெப்பத்திலேயே கூழ், தன்னோடு சேர்ந்த லாக்டோஸையும் இளக்கும். லாக்டேஸ் போட்டு உடைத்த வே டிரையரில் படுத்தும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

டிரையர் வெப்பத்தைக் கூட்டி இதைத் தீர்க்கப் பார்த்தால் செல் சாகும், ஒட்டுவதும் குறையாது. புளித்த திரவத்தை விட்டுவிட்டு, செல்களை மட்டும் பிரித்து, புதுக் கலவையில் கரைத்து உலர்த்துங்கள். 20 சதவீதம் கரைத்த கொழுப்பு நீக்கிய பால் பொடி எளிமையானது, நம்பகமானது. பிரிக்க வசதியில்லை என்றால் அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்கி, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடி) சேர்த்துத் திடப்பொருளில் பாதிக்கு மேல் அதுவே இருக்கும்படி செய்யுங்கள். ஒட்டாது, ஆனால் பொடியில் செல்லின் பங்கு குறையும், சோடியம் லாக்டேட் உப்புச் சுவை வரும். கோழித் தீவனத்துக்கு அது பொருட்டில்லை.

கடலோர ஊர்களில் இன்னொன்று கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் டிரையர் இழுக்கும் காற்றே ஈரமாக இருக்கும். கோடையில் ஓடிய அதே அமைப்பில் பொடி ஒன்றிரண்டு சதவீதம் கூடுதல் ஈரத்தோடு வரும், ஒட்டும். காற்றை ஈரம் நீக்கி அனுப்ப வசதியில்லாதவர்கள் திரவம் விடும் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பொடி அழகாக வருகிறது, உயிர்தான் இல்லை

கலவையில் எண்ணிக்கை நன்றாக இருந்து பொடியில் மட்டும் விழுந்தால் இப்போது டிரையரைப் பார்க்கலாம். பார்க்க வேண்டியது உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அல்ல, வெளியே வரும் காற்றின் வெப்பத்தை. 160-170 டிகிரிக் காற்றில் துளி விழுந்தாலும், அதில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை துளி தன்னைக் குளிர்வித்துக்கொண்டு 45-50 டிகிரியில் நிற்கும். தண்ணீர் தீர்ந்த பிறகுதான் துகள் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு ஏறும். வெளிவெப்பம் 85-90-க்குப் போனால் பல இனங்கள் கும்பலாகச் சாகும். 65-75-க்குள் வைத்தால் பிழைக்கும், ஆனால் பொடியில் ஈரம் கூடும். ஈரம் 4-5 சதவீதத்துக்குள் வர வேண்டும், இல்லையென்றால் சேமிப்பில் சாகும். உங்கள் இனத்துக்கு இந்த இரண்டும் ஒத்துப்போகும் இடத்தை 5 டிகிரி 5 டிகிரியாக ஏற்றித் தேட வேண்டியதுதான், யாருடைய எண்ணையும் கடன் வாங்க முடியாது. அயர்லாந்தின் மூர்பார்க் ஆய்வு மையத்தில் பாராகேசி இனம் ஒன்றையும் சாலிவேரியஸ் இனம் ஒன்றையும் ஒரே மாதிரி பால் பொடிக் கலவையில் ஸ்ப்ரே செய்து பார்த்தார்கள். பாராகேசி தாராளமாகப் பிழைத்தது, சாலிவேரியஸ் பின்தங்கியது. இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் ஒரு தகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். உலர்த்தும் முன் செல்களை 52 டிகிரியில் 15 நிமிடம் வைத்து வெப்பத்துக்குப் பழக்குவதும் அங்கே பலன் தந்த வழி.

டிரையர் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் செல் சாகிறதா? பொடி சேரும் ஜாடியைத் தொட்டுப் பாருங்கள். சைக்ளோனுக்கு (காற்றிலிருந்து பொடியைப் பிரிக்கும் கூம்பு) கீழே ஒரு மணி நேரமாகச் சேரும் பொடி அங்கேயே சூட்டில் வேகிறது. கால் மணிக்கு ஒரு முறை ஜாடியை மாற்றி, மூடி, குளிரில் வையுங்கள். செலவே இல்லாத திருத்தம், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். உலர்த்தும் கலவையை அறை வெப்பத்தில் மணிக்கணக்காக வைத்திருப்பதும் அதே ரகம்.

பொடியில் உயிர் இருந்தும் நீங்கள் எண்ணும் முறையில் அது தெரியாமல் போகலாம். உலர்ந்த செல்லின் உறை கிழியும் நிலையில் இருக்கும். அதைக் குளிர்ந்த வெறும் தண்ணீரில் போட்டால் உள்ளே தண்ணீர் பாய்ந்து வெடித்துவிடும். ஒரு கிராமை 9 மி.லி. கரைத்த பால் பொடிக் கலவையிலோ பெப்டோன் தண்ணீரிலோ, 30-37 டிகிரியில், கால் முதல் அரை மணி நேரம் ஊறவிட்டு அப்புறம் நீர்த்து எண்ணுங்கள். பித்த உப்பு சேர்த்த தெரிவு அகரில் காயம்பட்ட செல் வளராது, சாதா எம்.ஆர்.எஸ்.ஸில் வளரும். சாதா எம்.ஆர்.எஸ்., 5 சதவீதம் உப்பு சேர்த்த எம்.ஆர்.எஸ். இரண்டிலும் தூவி, வித்தியாசத்தைப் பாருங்கள். வித்தியாசம் அதிகமானால் செல்கள் சாகவில்லை, அடிபட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட பொடி சேமிப்பில் சீக்கிரம் விழும்.

ஃப்ரீஸ் டிரையரில் நுரைக்கிறது அல்லது சுருங்கிப் பிசினாகிறது

உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் இந்தக் கருவியில், வெற்றிடம் போட்டதும் நுரைத்தால் முழுதாக உறையவில்லை. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி போதவே போதாது. தண்ணீர் பனிக்கட்டி ஆனாலும், மிஞ்சும் செறிவான லாக்டோஸ் பாகு மைனஸ் 28 டிகிரி வரை இளகலாகவே இருக்கும். வேயின் உப்புகளும் லாக்டேட்டும் அதை இன்னும் கீழே தள்ளும். மைனஸ் 40 அல்லது அதற்குக் கீழே உறையவைத்துவிட்டு ஆரம்பியுங்கள், தட்டில் ஒரு செ.மீ. தடிமனுக்கு மேல் ஊற்றாதீர்கள்.

நுரைக்காமல், காய்ந்துகொண்டிருக்கும்போதே சுருங்கினால் தட்டின் சூட்டைச் சீக்கிரம் ஏற்றிவிட்டீர்கள், அல்லது செல்களோடு புளித்த வே அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு முறை கழுவிவிட்டு, 10 சதவீதம் பால் பொடி, 5 முதல் 10 சதவீதம் சுக்ரோஸ் அல்லது ட்ரெஹலோஸ் உள்ள கலவையில் கரைத்து வையுங்கள். ட்ரெஹலோஸ் நல்லது, விலை அதிகம். சுக்ரோஸில் தொடங்கிப் பாருங்கள். பனி முழுவதும் போகும்வரை பொருளின் வெப்பம் மைனஸ் 30-க்குக் கீழே இருக்கட்டும், அவசரம் காட்டாதீர்கள்.

ஃப்ரீஸ் டிரையர் பல மடங்கு செலவு. காப்ஸ்யூலில் அடைத்து விற்கிற பொருளுக்குக் கட்டுபடியாகும். தீவனத்துக்கு ஸ்ப்ரே டிரையரில் பாதி செல்கள் செத்தாலும் அதுதான் லாபம்.

முதல் நாள் நன்றாக இருந்தது, இரண்டு மாதத்தில் காணவில்லை

பொடி கட்டி தட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டி தட்டியிருந்தால் ஈரம் குடித்து, லாக்டோஸ் படிகமாகிவிட்டது. படிகமாகும்போது பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளும், அது நேரே செல்களுக்குப் போகும். வே பவுடர் தொழிலில் பொடி ஈரம் இழுக்காமல் இருக்க உலர்த்தும் முன்பே லாக்டோஸை வேண்டுமென்றே படிகமாக்குவார்கள். நமக்கு அதற்கு நேரெதிர் வேண்டும், செல்லைச் சுற்றி லாக்டோஸ் கண்ணாடி போல உறைந்து நிற்க வேண்டும். வே பவுடர் தயாரிக்கும் நண்பரின் யோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டி இல்லாமல் எண்ணிக்கை விழுந்தால் வெப்பமும் ஆக்சிஜனும்தான். வாட்டர் ஆக்டிவிட்டி (பொடியில் கட்டுப்படாமல் இருக்கும் தண்ணீரின் அளவுகோல்) 0.1-க்கும் 0.25-க்கும் நடுவில், அலுமினியப் படலப் பையில், முடிந்தால் நைட்ரஜன் அடித்து, 4 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். அதே பொடி பிளாஸ்டிக் டப்பாவில் மே மாத அலமாரியில் சில வாரம்கூடத் தாங்காது. மிதமிஞ்சி உலர்த்துவதும் உதவாது. ஈரம் மிகவும் குறைந்தால் செல்லுறையின் கொழுப்பு சீக்கிரம் காற்றில் கெடும்.

சத்துமாவில் கலந்து விற்கிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. மாவின் ஈரம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பொடியைக் கலந்த நாளிலிருந்தே மாவு தன் ஈரத்தை அதற்குக் கொடுக்கத் தொடங்கும், பொடி எவ்வளவு நன்றாக உலர்ந்திருந்தாலும் பயனில்லை. மாவை வறுத்து ஈரத்தை 4 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து நன்றாக ஆறவைத்துக் கலக்க வேண்டும், அல்லது பொடியைத் தனிச் சிறு பையாக உள்ளே போட வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிமுறை புரோபயாட்டிக் உணவுக்கு ஒரு நாளைக்குச் சாப்பிடும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் வேண்டும் என்கிறது, அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலும் அதில் உண்டு. அந்த 10 கோடி அடைக்கும் நாளில் மட்டுமல்ல, காலாவதித் தேதி அன்றும் இருக்க வேண்டும். அதனால் அடைக்கும்போது எவ்வளவு கூடுதலாகப் போடுவது என்பதை, உங்கள் பையில், உங்கள் கடைக்காரர் வைக்கும் வெப்பத்தில், மாதம் ஒரு முறை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.